அறுபது கிலோமீட்டர் கிழக்கே

விருத்தாசலத்துக்கு இன்று கடல் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது.

1840களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி வட்டாரங்களில் சுற்றி, மண்ணிலும் சுண்ணாம்புக் கல்லிலும் பதிந்து கிடந்த சிப்பிகளையும் நத்தைகளையும் சேகரித்து லண்டன் புவியியல் கழகத்துக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலாளர் அவற்றை ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1846இல் வெளியானது. அதில் நம் ஊர் ‘வெர்டாசெல்லம்’ என்ற பெயரில் இடம்பெற்றது. சுருள் சுருளாக ஓடு கொண்ட அம்மோனைட் போன்ற கடல்வாழ் உயிர்கள் இந்த மண்ணடுக்குகளில் இருக்கின்றன. இவை படிந்த காலத்தைப் புவியியலாளர்கள் கிரெட்டேசியக் காலம் என்கிறார்கள். 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோன காலம் அது. அரியலூரில் சிமென்ட் ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக் கல்லும் அந்தக் கடல் விட்டுச் சென்றதுதான்.

அதன் பிறகு கடல் பின்வாங்கியது. இப்போது விருத்தாசலத்திலிருந்து கடலூருக்குப் போனாலும் சரி, பரங்கிப்பேட்டைக்குப் போனாலும் சரி, ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். மங்கலம்பேட்டையிலோ கம்மாபுரத்திலோ பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளை பள்ளிக்கூடச் சுற்றுலாவில்தான் முதன்முதலாகக் கடலைப் பார்க்கும். பார்த்த நாளிலிருந்து அதன் மனதில் ஓர் ஆசை உட்கார்ந்துகொள்ளும். வேலைக்குப் போய், கல்யாணம் முடித்து, கையில் நாலு காசு சேர்ந்ததும் அந்த ஆசை ‘கடல் பக்கமா ஒரு மனை’ என்று வாயைத் திறக்கும். இந்த ஆசையைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது எதைக் கேட்கிறது, எதற்கு விலை கொடுக்கிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக மனைப்பிரிவுப் பலகைகள் நட்டுக்கொண்டே போகிறார்கள்.

விருத்தாசலத்தின் வெயிலை அறிந்தவர்களுக்கு இந்த ஆசையின் முதல் காரணம் சொல்லாமலே புரியும். செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் சித்திரை மாத மதியத்தில் நடந்து பாருங்கள். வெளியே வெயில், உள்ளே சூளை. ஒரு பட்டறையில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் களிமண் கூழை ஊற்றிக்கொண்டிருப்பார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, உள்சுவரை ஒட்டிக் களிமண் தோல் பிடிக்கும். வேண்டிய கனம் வந்ததும் மீதிக் கூழைக் கவிழ்த்துவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் அச்சைப் பிரித்தால் பிள்ளையாரோ யானையோ ஊறுகாய் ஜாடியோ ஈரத்தோடு வெளியே வரும். அதைப் பிசிறு தட்டி, ஈரத் துணியால் துடைத்து, நிழலில் காயவைப்பார்கள். நேரடி வெயிலில் வைத்தால் ஒருபக்கம் இழுத்து விரிசல் விடும். மழைக்காலத்தில் காயவே காயாது. காற்றில் ஈரம் கூடுகிறதா குறைகிறதா என்று நாள் முழுக்கக் கவனித்துக்கொண்டே செய்கிற வேலை இது. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியை எடுக்கத் தோண்டும்போது கிடைத்த வெள்ளைக் களிமண்தான் இந்தத் தொழிலை இங்கே வேர்விட வைத்தது. கொலு பொம்மை, கார்த்திகைக்கு அகல் விளக்கு, மின்சாரத்துக்கான பீங்கான் சாமான் என்று ஊருக்குச் சோறு போட்டதும் அதுதான். அந்தப் பட்டறைகளில் நிற்பவர்களுக்குச் சாயங்காலம் கிழக்கேயிருந்து ஒரு காற்று வந்தால் எப்படியிருக்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

அந்தக் காற்று வருவதற்கு ஒரு கணக்கு உண்டு. பகலில் நிலம் சீக்கிரம் சூடாகிறது. கடல் மெதுவாகத்தான் சூடாகும். நிலத்தின் மேலிருக்கும் காற்று சூடாகி மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே நகர்கிறது. கடலூரில் மதியத்தை ஒட்டியே இது தொடங்கிவிடும். உள்நாட்டுக்கு வந்து சேர மாலையாகிவிடும், அதற்குள் குளிர்ச்சியும் வழியிலேயே செலவாகிவிடும். அக்கினி நட்சத்திரத்தில் மேல்காற்று பலமாக அடித்தால் அது கடலூரிலேயே தாமதமாகும். விருத்தாசலத்தை எட்டாமலே போகும் நாளும் உண்டு. ஒரே மாவட்டம்தான். கிழக்கே இருப்பவர்கள் சட்டைப் பொத்தானைப் போடுகிற நேரத்தில் மேற்கே இருப்பவர்கள் துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொள்கிறார்கள்.

காற்று மட்டும்தானா? இங்கிலாந்தில் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். கடலுக்கு அருகில் வசிப்பவர்கள் தங்கள் உடல்நலத்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? 2012இல் வந்த அந்த ஆய்வின்படி, கரையை நெருங்க நெருங்க ‘நலமாக இருக்கிறேன்’ என்று சொன்னவர்களின் விகிதம் கூடியது. வசதி குறைந்தவர்கள் வாழும் பகுதிகளில் அந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கடைசிச் செய்திதான். கடல் தருகிற நன்மை பணக்கார வீட்டு மாடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் கிடைப்பதல்ல. கையில் ஒன்றுமில்லாதவருக்கு அது இன்னும் அதிகமாகவே உதவுகிறது. தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரைக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். பண்ருட்டி, நெல்லிக்குப்பம், வடலூர் என்று சுற்று வட்டாரத்திலிருந்து வந்த குடும்பங்கள் மணலில் உட்கார்ந்திருக்கும். வீட்டில் ஒரே அறையில் ஆறு பேர் படுப்பவர்களுக்கு அவ்வளவு பெரிய திறந்தவெளி வேறெங்கே இலவசமாகக் கிடைக்கும்?

நம் முன்னோருக்கும் இந்த இழுப்பு தெரிந்திருந்தது. சங்க இலக்கியத்தில் ஐந்து நிலங்களில் ஒன்று நெய்தல். அதற்கு வகுத்த உணர்வு இரங்கல். கடலோரத்து வாழ்வைச் சுகவாசமாக அவர்கள் நினைக்கவில்லை. போனவர் திரும்புவாரா என்று கரையில் நிற்கும் ஏக்கத்தைத்தான் அந்த நிலத்துக்குரியதாக வைத்தார்கள். மீன்பிடிக்கப் போகும் வீடுகளில் இன்றும் அதே நிலைமைதான். விடுமுறைக்கு வருபவர்களுக்கு அது தெரிவதில்லை, அவ்வளவே.

கடலோரத்தில் வீடு கட்டியவர்கள் முதல் இரண்டு வருடத்திலேயே உப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஜன்னல் கம்பி துருப்பிடிக்கிறது, கதவுக் கீல் இறுகுகிறது, ஏ.சி.யின் வெளிப்பெட்டி அரித்துப்போகிறது. கண்ணாடியில் விரலை வைத்து இழுத்தால் பிசுபிசுப்பு. அதைவிட ஆபத்தானது கான்கிரீட்டுக்குள் நடப்பது. உப்பிலுள்ள குளோரைடு சிமென்டின் நுண்துளைகள் வழியே உள்ளே இறங்கி இரும்புக் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடித்து உப்புகிறது, உப்பிய கம்பி மேல்பூச்சைப் பிளந்து தள்ளுகிறது. உள்நாட்டில் கட்டும் வீட்டைப் போலவே கடற்கரையிலும் கட்டினால், கூரையிலிருந்து சிமென்ட் பத்தை பத்தையாக விழும் நாள் சீக்கிரமே வரும். நிலத்தடி நீரை மோட்டார் போட்டு உறிஞ்ச உறிஞ்ச, கடல் நீர் அடியில் உள்ளே நகர்ந்து கிணற்றையும் உவராக்கிவிடும்.

உப்பு என்ன செய்யும் என்பது பீங்கான் தொழில்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். கழிவுநீர்க் குழாய்களுக்கு மெருகேற்ற, சூளை உச்ச வெப்பத்தில் இருக்கும்போது உள்ளே சாதாரண உப்பை வீசுவது பழைய முறை. உப்பிலுள்ள சோடியம் ஆவியாகி, களிமண்ணிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து, குழாயின் மேல் கண்ணாடிப் பூச்சாகப் படியும். அதே உப்பு கடலோர மின்கம்பத்தில் வேறு வேலை செய்கிறது. கம்பியைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டர் மேல் உப்புப் படிந்து, அதிகாலைப் பனியில் நனைந்தால் அந்த ஈர உப்பின் வழியே மின்சாரம் பாய்ந்து தீப்பொறி பறக்கும், மின்தடை வரும். அதனால்தான் கடலோரத்து இன்சுலேட்டர்களுக்கு மடிப்புகளை அதிகமாக்கி, மேற்பரப்பின் நீளத்தைக் கூட்டிச் செய்கிறார்கள். சில இடங்களில் அவ்வப்போது கழுவவும் செய்கிறார்கள். பீங்கான் துருப்பிடிக்காது. ஆனால் பீங்கானுக்கே கடலோரத்துக்கென்று தனி வடிவம் தேவைப்படுகிறது.

கடலூர் மாவட்டக் கடற்கரையின் நீளம் 57.5 கிலோமீட்டர். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் தாழங்குடா, தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு, அக்கரைக்கோரி, ராசாப்பேட்டை, சித்திரைப்பேட்டை, சாமியார்பேட்டை, புதுக்குப்பம், முழுக்குத்துறை என்று ஊர் ஊராக மீனவர்கள் வாழ்கிறார்கள். நமக்கு மனைப்பிரிவாகத் தெரியும் இடம் அவர்களுக்கு வலை உலர்த்தும் களம், படகு ஏற்றும் மேடு, கருவாடு காயவைக்கும் மணல். விருத்தாசலம் சந்தையில் நாம் வாங்கும் கருவாடு அப்படியொரு மணலில் காய்ந்துதான் வருகிறது. கடலூர் துறைமுகத்தில் விடியற்காலையில் படகு வந்ததும் மத்தியும் சங்கராவும் கூடை கூடையாக ஏலம் போகும். அங்கிருந்து ஐஸ் போட்டு வண்டியேறி உள்நாட்டு ஊர்களுக்கு வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விருத்தாசலத்திலும் மீன் விலை ஏறுகிறது என்றால், நாமும் ஒரு வகையில் கடலை நம்பி வாழ்பவர்கள்தான்.

2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமி அந்த 57.5 கிலோமீட்டரில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பிறகு வந்த ஓர் ஆய்வைக் கடலோரத்தில் மனை வாங்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். கடலூர் மாவட்டக் கடற்கரையில் அலையின் சேதத்தையும் மரங்களின் அடர்த்தியையும் ஒப்பிட்டு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை 2005இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. அலையாத்திக் காடும் மற்ற மரங்களும் அடர்ந்திருந்த இடங்களுக்குப் பின்னாலிருந்த ஊர்கள் குறைந்த சேதத்தோடு தப்பின. மரமில்லாமல் திறந்துகிடந்த இடங்கள் நொறுங்கின. பிச்சாவரத்துக்குப் படகுச் சவாரிக்குப் போகிறவர்கள் வேர்களுக்கு நடுவே படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வேர்களும் தண்டுகளும்தான் அலையின் வேகத்தை உடைத்துப் பின்னாலிருந்த ஊர்களைக் காத்தன.

சுனாமிக்குப் பின் 2005 மார்ச்சில் தமிழக அரசு வெளியிட்ட ஆணை 172, கரையிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்களுக்கு உள்ளே தள்ளி இலவச வீடு தருவதாகச் சொன்னது. வர விரும்பாதவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம், ஆனால் அரசின் வீட்டு உதவி கிடைக்காது என்றது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள்கூடப் பலர் கரையை விட்டுப் போகத் தயங்கினார்கள். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது பிடிவாதமாகத் தெரிந்தது. ஆனால் மீனவர் வீட்டு வாசல் கடலைப் பார்த்திருப்பதற்குத் தொழில் காரணம் இருக்கிறது. தண்ணீரின் நிறம், பறவைகள் கூடும் இடம், வாடையா கொண்டலா கச்சானா என்று காற்றின் போக்கு, இவற்றைப் பார்த்துத்தான் இன்றைக்குக் கடலுக்குப் போகலாமா, எங்கே வலைவிட்டால் பாடு கிடைக்கும் என்று முடிவெடுக்கிறார்கள். படகும் இன்ஜினும் வலையும் லட்சக்கணக்கில் பெறும். அவற்றைக் கண்ணுக்கெட்டாத தூரத்தில் விட்டுவிட்டுத் தூங்க முடியாது. கடலோரத்தில் வாழ்வதன் ஈர்ப்பு என்று பேசும்போது நான் முதலில் நினைப்பது இவர்களைத்தான். கடலின் கோபத்தை நேரில் கண்ட பிறகும் அதன் பக்கத்தில் இருக்க விரும்பியவர்கள் இவர்கள். அந்த விருப்பத்துக்குப் பின்னால் தலைமுறைகளின் அறிவு இருக்கிறது. நம் விருப்பத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு விளம்பரப் பலகைதான் இருக்கிறது.

உள்நாட்டில் இருப்பதால் தப்பித்தோம் என்ற எண்ணத்தை 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் உடைத்தது. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறிய புயல் பண்ருட்டிப் பலாவையும் முந்திரிக் காடுகளையும் வேரோடு சாய்த்தது. நடுநாட்டுச் செம்மண்ணில் முந்திரி என்பது ஒரு வருட விளைச்சல் அல்ல. அப்பன் வைத்த மரத்தில் பிள்ளையும் பேரனும் பறிப்பான். கடலை ஒருநாளும் நிமிர்ந்து பார்க்காத விவசாயி, கடலிலிருந்து வந்த காற்றுக்கு வாழ்நாள் சம்பாத்தியத்தைக் கொடுத்தார். அரசு நிவாரணம் கொடுத்தது, கன்று கொடுத்தது. மரம் வளர்ந்து காய்க்க எடுத்துக்கொண்ட வருடங்களை யாராலும் கொடுக்க முடியவில்லை. அறுபது கிலோமீட்டர் தூரம் கடலின் சுகத்தைத்தான் நம்மிடமிருந்து தள்ளிவைக்கிறது, அதன் சீற்றத்தை அல்ல.

ஆசை எப்படிக் கரையையே தின்றுவிடும் என்பதைப் பார்க்கத் தூரம் போக வேண்டாம். புதுச்சேரி போதும். இந்தக் கரையில் அலைகள் வருடம் முழுக்க மணலைத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. மொத்தக் கணக்கில் அந்த மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிக் கல்சுவர் கட்டினார்கள். மணல் தெற்கே தேங்கியது. வடக்கே போக வேண்டிய மணல் போகாததால் நகரத்தின் கடற்கரை சில வருடங்களில் காணாமல் போனது. மிச்சத்தைக் காப்பாற்றக் கருங்கல்லைக் கொட்டினார்கள். ஒரு தலைமுறைப் புதுச்சேரிக் குழந்தைகள் கடற்கரைச் சாலையில் கல்மேட்டைத்தான் கடற்கரை என்று நினைத்து வளர்ந்தார்கள். அரிப்பு அதோடு நிற்காமல் வடக்கே நகர்ந்தது. பொம்மையார்பாளையம் வரை மீனவர்களின் வீடுகள் கடலுக்குள் விழுந்தன. துறைமுகம் கட்டியது ஓர் இடத்தில், வீடிழந்தது இன்னோர் இடத்தில். 2018இல் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்துக் கொஞ்சம் மணலைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் இயற்கை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்ததைப் பணம் கொடுத்து, அதுவும் துண்டு துண்டாகத்தான் திரும்ப வாங்க முடிந்திருக்கிறது.

கடலூரின் கதையில் இன்னொரு காயமும் இருக்கிறது. முதுநகருக்குத் தெற்கே சிப்காட் ரசாயன ஆலைகள் வந்தபின், குடிகாடு, ஈச்சங்காடு போன்ற ஊர்க்காரர்கள் காற்றின் நாற்றத்தைப் பற்றி ஆண்டுக்கணக்கில் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கடற்காற்றுக்காகக் கடலோரத்துக்குப் போ என்று அவர்களிடம் யார் சொல்ல முடியும்?

இதையெல்லாம் கட்டுப்படுத்தச் சட்டம் இல்லாமல் இல்லை. 1991இல் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. 2011இல் மாற்றி எழுதினார்கள், 2019இல் மறுபடியும். ஊரகக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர்வரை புதிய கட்டுமானம் கூடாது என்றிருந்த விதி, மக்கள் நெருக்கம் அதிகமுள்ள ஊரகப் பகுதிகளுக்கு 2019 அறிவிக்கையில் 50 மீட்டராகச் சுருங்கியது. சுனாமியைப் பார்த்த நாட்டில், கடல்மட்டம் உயர்ந்துவரும் காலத்தில், இந்தத் தூரம் கூடியிருக்க வேண்டும். குறைந்திருக்கிறது. உலக மக்களில் பத்தில் ஒருவர் கடல்மட்டத்திலிருந்து பத்து மீட்டருக்குள் உள்ள கடலோரத் தாழ்நிலத்தில் வாழ்கிறார்கள் என்று 2007இலேயே கணக்கிட்டுச் சொன்னார்கள். அப்படி வாழ்பவர்களைப் பத்திரமாக வைப்பது எப்படி என்று உலகம் யோசிக்கிறபோது, நாம் இன்னும் சிலரை அங்கே கொண்டுபோய் வைக்கிறோம்.

என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். கடலுக்கு அருகில் வாழ வேண்டும் என்றால் கடலைப் பார்த்த ஜன்னல் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக வேண்டும் என்பதில்லை. கடலுக்குப் போய்வர வழி இருக்க வேண்டும், போனால் உட்கார மணல் இருக்க வேண்டும். விருத்தாசலத்தில் ரயிலேறினால் நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி தாண்டிக் கடலூர் துறைமுகம் சந்திப்பு வந்துவிடுகிறது. அந்தத் தடத்தில் காலையில் போய் இரவு திரும்ப வசதியாக வண்டிகள் ஓடினால், விருத்தாசலம் கடலோர ஊராகவே ஆகிவிடும். மனை வாங்கிச் சுவர் எழுப்புவதைவிட இது எத்தனையோ ஆயிரம் பேருக்கு உதவும். சுவர் எழுப்பிய ஒவ்வொரு மனையும் பின்னாலிருக்கும் நூறு பேரின் வழியை அடைக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இந்தப் போய்வரும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. விருத்தாசலத்துக்குத் தெற்கே ஸ்ரீமுஷ்ணம். அங்கிருக்கும் பூவராகப் பெருமாள் மாசி மகத்துக்குப் புறப்பட்டு, ஊர் ஊராக நின்று, கிள்ளை முழுக்குத்துறைக்குக் கடலாடப் போகிறார். கிள்ளை தைக்கால் தர்காவில் இஸ்லாமியர்கள் அவருக்கு மரியாதை செய்து வரவேற்கிறார்கள். கடற்கரையில் மீனவர்கள், உழவர்கள், வியாபாரிகள் எல்லோருமாகச் சேர்ந்து தீர்த்தவாரி. அன்றைக்கு விருத்தாசலத்தில் பழமலைநாதருக்கு மணிமுத்தாற்றில் தீர்த்தவாரி நடக்கும். அந்த மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலுக்குள் இறங்குகிறது. நம் ஆற்றுக்கும் நம் சாமிக்கும் போக வேண்டிய இடம் ஒன்றே.

2019 அறிவிக்கையின்படி கடலோர மண்டல மேலாண்மை வரைபடங்கள் தயாரானபோது, தங்கள் வலைக்களமும் படகுத்துறையும் குடியிருப்பும் அவற்றில் சரியாகக் குறிக்கப்படவில்லை என்று தமிழக மீனவர்கள் எழுப்பிய ஆட்சேபம் நியாயமானது. வரைபடத்தில் இல்லாத வலைக்களம் நாளைக்குக் காலிமனையாகிவிடும். அந்த ஆட்சேபத்தில் உள்நாட்டு ஊர்களும் கையெழுத்துப் போட வேண்டும். கரைக்குப் போகும் வண்டிப்பாதை, மாசி மகத்தில் சாமி இறங்கும் துறை, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் உட்காரும் மணல், கருவாடு காயும் களம், இவை ஒவ்வொன்றும் சர்வே எண்ணோடு அந்த வரைபடத்தில் ஏற வேண்டும். ஸ்ரீமுஷ்ணத்திலும் விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் அடுத்த கிராம சபை கூடும்போது இதற்கு ஒரு தீர்மானம் போடலாம்.